வீட்டுக் கடனை முதலில் முடிப்பதா, வாடகைக்கு இன்னொரு வீடு வாங்குவதா? மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தல்லாகுளத்தில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் என்னுடையது. ஜூலையில் ரிட்டர்ன் போட வருகிறவர்கள் வேலை முடிந்து எழுந்த பிறகு, "சார், இன்னொன்னு கேக்கணும்" என்று மறுபடி உட்காருவார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் இதுதான்: கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, வீட்டுக் கடனில் கட்டலாமா, இல்லை வாடகைக்கு விட ஒரு வீடு பார்க்கலாமா? ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வற்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகளுக்கு 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் 5 லட்சம் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கடனா, வீடா?

கடன்.

வீட்டுக் கடன் வட்டி குறைவுதானே? ஏன் அவசரப்பட்டு அடைக்க வேண்டும்?

சதவீதம் குறைவுதான், ஆனால் காலம் நீளம். பணம் போவது அங்கேதான்.

ஆனையூரிலிருந்து ஆசிரியர் வேலை பார்க்கும் கணவன் மனைவி வந்திருந்தார்கள். கடன் வாங்கி ஐந்து வருடம். இடையில் வட்டி ஏறி இறங்கியதால் ஸ்டேட்மென்டைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 8.5 என்று நிலையாக வைத்து ஒரு தவணை அட்டவணை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத்தில் வட்டிக்குப் போவது 21,250, அசலுக்குப் போவது 4,785. அந்த அம்மா அசல் என்ற வரிசையில் விரலை வைத்து, பக்கம் பக்கமாக இறக்கிக்கொண்டே வந்தார். அறுபதாவது மாதத்தில் விரல் நின்றது. பாக்கி 26 லட்சத்து 44 ஆயிரம். "அஞ்சு வருசத்துல பதினஞ்சரை லட்சம் கட்டியிருக்கோமே சார்" என்றார். கட்டியது அவ்வளவுதான். அசலில் குறைந்தது 3 லட்சத்து 56 ஆயிரம்.

இந்த நிலையில் 5 லட்சத்தை அசலில் கட்டி, தவணையை அதே 26,035-இல் வைத்திருந்தால், மீதி 180 மாதம் 124 மாதமாகச் சுருங்கும். 56 மாதத் தவணை, அதாவது பதினான்கரை லட்சம் ரூபாய், கட்ட வேண்டியதில்லை. போட்ட 5 லட்சத்தைக் கழித்தால் ஒன்பதரை லட்சம் வட்டி மிச்சம். அதே 5 லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால், 20 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு வரியும், அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் போக ஐந்தரை சதவீதம்தான் நிற்கும். கடனை அடைத்து மிச்சப்படும் 8.5-க்கு வரி கிடையாது.

முன்பணம் கட்டினால் தவணைத் தொகையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்கிறார்கள்.

காலத்தை. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். மேலே சொன்ன கணக்கிலேயே காலத்தை 180 மாதமாக வைத்துத் தவணையைக் குறைத்தால், தவணை 21,111 ஆகும். மாதம் 4,900 கையில் மிச்சம், சந்தோஷமாக இருக்கும். ஆனால் மொத்த வட்டி மிச்சம் ஒன்பதரை லட்சத்துக்குப் பதில் 3 லட்சத்து 86 ஆயிரம்தான். வேலை போய்விடுமோ, மருத்துவச் செலவு வருமோ என்ற பயம் இருந்தால் மட்டும் தவணையைக் குறையுங்கள்.

முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா?

மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனுக்குக் கிடையாது. வங்கிகளுக்கு 2012-லேயே ரிசர்வ் வங்கி அதைத் தடை செய்துவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

2021-இல் வட்டி குறைவாக இருக்கும்போது வாங்கினேன். தவணை பெரிதாக மாறவில்லை, ஆனால் கடன் முடியும் வருடம் தள்ளிப்போய்விட்டது. எப்படி?

ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்து நின்றது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. பெரும்பாலும் அது இந்த ரெப்போதான். அதனால் ஏற்றம் அப்படியே உங்கள் தலையில் இறங்கியது.

6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 22,811. இரண்டு வருடத்தில் பாக்கி 28 லட்சத்து 48 ஆயிரம். வட்டி 9.25 ஆனதும் அந்தப் பாக்கிக்கு ஒரு மாத வட்டியே 21,953. அசலுக்குப் போவது 858 ரூபாய். தவணையைத் தொடாமல் விட்டால் மீதி 18 வருடம் முப்பத்தைந்தரை வருடமாகும். வங்கிகள் அவ்வளவு தூரம் விடாமல் தவணையையும் கொஞ்சம் ஏற்றின, ஓய்வு பெறும் வயதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டன. ஆனாலும் பலருக்குக் காலம் நீண்டதே தெரியாது.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும். 2025-இல் வட்டி இறங்கியபோது பலர் செய்த தப்பு, குறைந்த தவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஏற்கெனவே கட்டிப் பழகிய தொகையை அப்படியே விட்டிருந்தால், நீண்டுபோன வருடங்கள் தானாகவே சுருங்கியிருக்கும். உங்கள் கடன் இன்னும் பழைய எம்சிஎல்ஆர் முறையில், அதாவது வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டியை முடிவு செய்யும் முறையில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ரெப்போ முறைக்கு மாற்றக் கேளுங்கள். கட்டணம் கொஞ்சம்தான்.

வேறு கடன்களும் இருக்கின்றன. எதை முதலில்?

ரெண்டு வட்டிக்கு வாங்கியது இருந்தால் அதை இன்றைக்கே. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வருடத்துக்கு 24 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கி அதையும் மிஞ்சும். அப்புறம் பெர்சனல் லோன், நகைக் கடன். வீட்டுக் கடன் வரிசையில் கடைசி.

பி.எஃப். பணத்தை எடுத்து அடைக்கலாமா?

வேண்டாம். 2024-25-க்கு வருங்கால வைப்பு நிதி வட்டி 8.25 சதவீதம், வழக்கமான பிடித்தத்துக்கு வரியும் இல்லை. 8.5-ஐ அடைக்க 8.25-ஐ உடைப்பதில் என்ன லாபம்? ஓய்வுக்காலத்தில் கையில் அது ஒன்றுதான் இருக்கும். பங்குச் சந்தையில் மாதாமாதம் போடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டும் என்றும் நான் சொல்வதில்லை. ஆனால் அங்கே வருவது எதிர்பார்ப்பு, இங்கே மிச்சமாவது உறுதி. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வையுங்கள். கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்கள். அந்தப் பயம் உள்ளவர்களுக்கு ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் சில வங்கிகளில் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு வீடு வாங்கினால் மாதாமாதம் வருமானம் வருமே? அதுவே தவணையைக் கட்டிவிடாதா?

மதுரையில் கட்டாது. கணக்கைப் பாருங்கள். புறநகரில் ஒரு பழைய தனி வீடு 50 லட்சம் என்று வைப்போம். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக நாலரை லட்சம். புரோக்கர், பெயிண்ட், பிளம்பர் என்று இன்னொரு ஒன்றரை. கையை விட்டுப் போவது 56 லட்சம். வாடகை 13,000 என்றால் வருடத்துக்கு 1 லட்சத்து 56 ஆயிரம். குடியிருப்பவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை ஒரு மாதம் போகும். மாநகராட்சி வரி, மோட்டார் ரிப்பேர், ஒழுகும் தளம் எல்லாம் போக 1 லட்சத்து 25 ஆயிரம் நின்றால் அதிர்ஷ்டம். 56 லட்சத்துக்கு அது இரண்டேகால் சதவீதம்கூட இல்லை. அதற்காக 8.5-க்குக் கடன் வாங்குகிறோம். 40 லட்சம் கடன் என்றால் தவணை 34,700. வாடகை போக மாதம் இருபத்தோராயிரத்துக்கு மேல் சம்பளத்திலிருந்து போடுவீர்கள்.

நானும் போட்டேன், அதனால்தான் தெரியும். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு ஒத்தக்கடைப் பக்கம் இடம் வாங்காதவன் முட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. 28 லட்சத்துக்கு ஒரு வீடு, எல்லாம் சேர்த்து 31. அதில் 20 லட்சம் கடன், அன்றைய வட்டி பத்தரை, தவணை கிட்டத்தட்ட 20,000. வாடகை 6,500. மீதியை நான்தான் கட்டினேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் போர் வற்றிவிட்டது. குடியிருந்தவர் நல்ல மனிதர், ஒரு மாதம் லாரித் தண்ணீருக்குக் கொடுத்துப் பார்த்தார். "அண்ணே, வாடகையும் கொடுத்து தண்ணிக்கும் கொடுத்தா கட்டுப்படியாகல" என்று சொல்லிவிட்டுக் காலி செய்தார். அவர் மேல் தப்பே இல்லை. அஞ்சு மாதம் பூட்டிக் கிடந்தது. டூலெட் போர்டு வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய், மறுபடி எழுதி மாட்டினேன். போரை ஆழப்படுத்தியது, தளம் ஓடு மாற்றியது என்று இரண்டு லட்சம் தனியாக.

2019-இல் 41 லட்சத்துக்கு விற்றேன். கேட்கிறவர்களுக்கு 28-க்கு வாங்கி 41-க்கு விற்ற கதை. வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கூட்டினேன். முதலில் போட்டது 11, ஏழு வருடத் தவணை 16.8, செலவு 2, வந்த வாடகை 5.3. ஆக, என் பையிலிருந்து போனது இருபத்து நாலரை லட்சம். கடன் பாக்கியும் புரோக்கர் கமிஷனும் போகக் கைக்கு வந்தது 23 லட்சத்து 60 ஆயிரம். வரியில் மிச்சமான இரண்டு லட்சத்துச் சொச்சத்தைச் சேர்த்தால், ஏழு வருட உழைப்புக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் லாபம். அந்த ஏழு வருடமும் நான் குடியிருக்கும் வீட்டின் கடன் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நேரம் சரியில்லை. விலை ஏறும் இடமாகப் பார்த்து வாங்கினால்?

ஏறலாம். எப்போது என்பதுதான் கேள்வி. தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வாரமே திருநகரைத் தாண்டி பிளாட் போட்டு விற்றவர்கள் நோட்டீஸில் எய்ம்ஸ் படத்தை அச்சடித்துவிட்டார்கள். 2021 தேர்தல் பிரச்சாரத்தில் ஒற்றைச் செங்கல் பேசுபொருளானது உங்களுக்கு நினைவிருக்கும். நிலம் காத்திருக்கும், அதற்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். தவணை காத்திருக்காது. சொந்தப் பணத்தில் வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் மறக்க முடியும் என்றால் வாங்குங்கள், அது வேறு கதை. கடன் வாங்கி விலையேற்றத்துக்குக் காத்திருப்பவர், விலை வருடத்துக்கு எட்டரைக்கு மேல் ஏறினால்தான் ஜெயிக்கிறார்.

வாடகைக்கு மட்டும் என்றால், ஆள் தேடி வரும் இடங்கள் தெரிந்தவைதான்: பெரியாஸ்பத்திரியைச் சுற்றி, கல்லூரிகளை ஒட்டி, மாட்டுத்தாவணி, அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம். அங்கே வீடு காலியாகக் கிடக்காது. ஆனால் விலையும் அதற்குத் தக்கபடிதான் சொல்வார்கள்.

வாடகை வீட்டுக் கடனுக்கு வரிச் சலுகை உண்டே?

பழைய வரி முறையில் இருந்தால் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். வாடகை வீட்டில் வட்டி அதிகமாகி வரும் நஷ்டத்தை 2 லட்சம் வரை மற்ற வருமானத்தில் கழிக்கலாம். 2017-க்கு முன் அந்த உச்சவரம்பும் இல்லை, என்னைப் போன்றவர்கள் ஆசைப்பட்டதற்கு அதுவும் காரணம்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் புதிய முறைக்குப் போய்விட்டார்கள். அதில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஒரு பைசா சலுகை இல்லை. வாடகை வீட்டுக்கு, வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் கழித்து, அப்புறம் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் அது வாடகையோடு நின்றுவிடும், நஷ்டத்தைச் சம்பளத்தில் தள்ள முடியாது. "வரிக்காகக் கடனை வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் எந்த முறையில் இருக்கிறோம் என்பதை முதலில் பாருங்கள்.

அப்போது வாடகை வருமானமே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். இருக்கிற வீட்டின் மேலேயே எடுங்கள். மாடி போடுங்கள்.

இடத்துக்குக் காசு இல்லை, பத்திரச் செலவு இல்லை. 650 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 15 லட்சம். வாடகை 8,000 வந்தால், செலவு போக வருடத்துக்கு 86,000. ஐந்தரை சதவீதத்துக்கு மேல். தனி வீடு வாங்கியதைவிட இரண்டரை மடங்கு. கவனித்தீர்களா, இதுவும் 8.5-ஐத் தொடவில்லை. அதனால் மாடியையும் கடன் வாங்கிப் போடாதீர்கள், கீழ் வீட்டுக் கடன் முடிந்த பிறகு போடுங்கள்.

அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் காட்டி, மாநகராட்சி அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். கட்டி முடித்ததும் சொத்து வரி ஏறும், அதையும் கணக்கில் சேருங்கள். கட்டும்போதே மூன்று விஷயத்தைப் பிரித்துவிடுங்கள்: படி வெளியில் இருக்கட்டும், ஈபி மீட்டர் தனியாக இருக்கட்டும், தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கட்டும். எங்கள் தெருவில் மேல் வீடும் கீழ் வீடும் பேசிக்கொள்ளாமல் போனது பணத்தால் இல்லை. காலையில் மோட்டார் யார் போடுவது, தொட்டி நிரம்பி வழிந்தால் யார் ஓடி வந்து நிறுத்துவது என்பதில்தான். இன்னொன்று: இரண்டு டூவீலர் நிறுத்த இடம் இல்லாத மாடிக்கு இன்று யாரும் வருவதில்லை.

மாடியை ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தில் கடனை அடைத்தால் என்ன?

மதுரைக்காரர்களுக்கே தோன்றும் யோசனை. தெரியாதவர்களுக்காக: ஒத்தி என்றால் குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுவார், மாத வாடகை கிடையாது. இரண்டோ மூன்றோ வருடம் கழித்துக் காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் லீஸ், போக்கியம் என்பார்கள்.

8,000 ரூபாய் வாடகை வரும் மாடிக்கு 6 லட்சம் ஒத்தி கிடைக்கிறது என்று வையுங்கள். அதைக் கடனில் கட்டினால் வருடத்துக்கு 51,000 வட்டி மிச்சம். விட்டுக்கொடுத்த வாடகை 96,000. அதாவது 6 லட்சத்தை 16 சதவீதத்துக்கு வாங்கி, எட்டரை சதவீதக் கடனை அடைத்திருக்கிறீர்கள். வில்லாபுரத்தில் மாவு மில் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் இதை எழுதிக் காட்டியபோது, "வாடகை பாக்கி வைக்க மாட்டாங்கல்ல, மாசா மாசம் மாடிப்படி ஏறிப் போய் நிக்க வேணாம்ல" என்றார். அந்த நிம்மதிக்கு விலை வருடத்துக்கு 45,000 என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இப்போது மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், திருப்பிக் கொடுக்கும் நாள். கடனில் கட்டிய பணம் திரும்ப வராது. அடுத்த ஒத்திக்காரர் கொடுப்பதை வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க முடியும். அவர் கிடைக்காவிட்டால் ரெண்டு வட்டிக்கு ஓட வேண்டும்.

ஒத்திக்குக் குடிபோக நினைப்பவர்கள் வில்லங்கச் சான்று போடாமல் பணம் கொடுக்காதீர்கள். வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்தால், தவணை தவறும்போது வங்கிக்குத்தான் முதல் உரிமை, நீங்கள் அப்புறம்தான். முத்திரைத் தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி ஒத்தியும் ஒரு அடமானம்தான், பதிவு செய்தால்தான் செல்லும்.

வாடகைக்கு விடும்போது 11 மாத ஒப்பந்தம் போதுமா?

போதாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டம் சொல்லும் அளவு. நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வழக்கு என்று வந்தால் பதியாத ஒப்பந்தம் உங்களுக்குத்தான் பாரம்.

வீடு மகன் பெயரில், அவன் சிங்கப்பூரில். வாடகையை என் கணக்கில் வாங்கலாமா?

வாடகை யார் கைக்கு வந்தாலும் வருமானம் உரிமையாளருடையது. அவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குடியிருப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். சாதாரணக் குடித்தனக்காரருக்கு இது தலைவலி. பல நல்ல குடித்தனங்கள் இதைக் கேட்டதும் பின்வாங்கிவிடுவார்கள்.

கடன் முடிந்தது. வங்கியிலிருந்து என்னென்ன வாங்க வேண்டும்?

அசல் பத்திரங்கள் அத்தனையும், பாக்கி இல்லை என்ற கடிதம். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிந்திருப்பார்கள், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிய வேண்டும். பதிந்த பிறகு வில்லங்கச் சான்று போட்டு ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்கும் அன்றைக்கு இதைக் கண்டுபிடித்து அலைகிறவர்கள் நிறைய.

2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதாக முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையது, அதற்கு இன்னொரு 30 நாள் கூடுதலாக உண்டு.

என் காலத்தில் இந்த விதி இல்லை. என் வீட்டுக் கடன் முடிந்து பத்திரம் கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. சென்னையில் இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கடைசியில் வந்த கவரைக் கவுண்டரிலேயே பிரித்து, கடன் வாங்கியபோது எழுதிக் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். தாய்ப்பத்திரத்தின் ஓரத்தில் ஈரம் பட்டு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, பழைய பட்டா நகல் ஒன்று இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக்கொட்டினார். நான் நகரவில்லை. பட்டா இல்லை என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலின் நகல் உங்களிடம் இல்லையென்றால், இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள்.

கடன் முடிந்த பிறகு மாதம் 26,000 கையில் நிற்குமே, அதை என்ன செய்வது?

கையில் நிற்காது, அதுதான் பிரச்சினை. மூன்றே மாதத்தில் கார் தவணையாக மாறிவிடும். தவணை போய்க்கொண்டிருந்த அதே தேதியில், அதே தொகை ஒரு தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆறரை சதவீதம் கிடைத்தால், வட்டிக்கான வரியைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், 50 மாதத்தில் 15 லட்சம். முன்பணம் கட்டியதால் மிச்சமானது 56 மாதம் என்று மேலே பார்த்தோம் அல்லவா? பழைய கடன் முடிந்திருக்க வேண்டிய தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே மாடிக்குப் பணம் தயார். ஆனையூர் தம்பதி அட்டவணையின் பின்பக்கத்தில் இதை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். வெளிப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்று வாசலில் செருப்பு மாட்டும்போதே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.